சவுக்குத் தோப்புத் தணல்

சவுக்குத் தோப்பில் மணல் சுட்டது. பகலெல்லாம் நிழல் விழுந்த இடம். பொழுது சாய்ந்து, உப்பு வாடையோடு கடற்காற்றும் வீசத் தொடங்கிவிட்டது. ஆனாலும் இக்னேஷியஸ் வாத்தியாரின் பாதம் கொதித்தது. நடந்த களைப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சாந்தோமிலிருந்து வேளாங்கண்ணிக்கு வருஷா வருஷம் நடைப்பயணம் கூட்டிப் போகிறவர் அவர். முதல் நாள் தங்கல் கொட்டிவாக்கத்தில், இந்தத் தோப்பில். பச்சை மரத்தை ஒடிக்கக் கூடாது, எச்சில் இலையைப் புதைக்க வேண்டும், அடுப்பைத் தண்ணீர் விட்டே அணைக்க வேண்டும், கிளம்பும்போது ஆள் தங்கிய அடையாளமே இருக்கக் கூடாது என்று சாமியாரைவிட நீளமாகப் பிரசங்கம் செய்வார். எல்லாம் ஊருக்கு உபதேசம்தான்.

போன வருஷம், நாற்பத்திரண்டில், யுத்தத்துக்காகக் கடற்கரையில் வெளிச்சம் கூடாதென்று உத்தரவு. மற்றவர்கள் ஜெபமாலையில் இருந்தார்கள். வாத்தியார் குடத்துத் தண்ணீரைக் காலைக் காப்பிக்கு மிச்சம் பிடித்து, தணல்மேல் மணலைத் தள்ளிச் சமன் செய்துவிட்டார். பார்வைக்கு அவ்வளவு சுத்தம். நேர்த்திக்கடனுக்காக வெறுங்காலோடு வந்த நோரா என்ற பெண், பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பும்போது அதன் நடுவில் கால் வைத்தாள். பாதம் வெந்து, ஜுரத்தில் பிதற்றியபடியே மூன்றாம் நாள் கண்ணை மூடினாள். எரிகிற அடுப்பைத் தாண்டினாள், துடுக்குப் பெண் என்று வாத்தியார் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள்.

செத்தவள் தலையிலேயே பழி. பாவி மனுஷன். மகளின் நேர்த்தியை முடிக்க இந்த வருஷம் அவள் தாய் ஃப்ளோரன்ஸ் வெறுங்காலோடு அவர் பின்னால் வந்திருந்தாள்.

"இன்னா வாத்தியாரே, இங்கயே அடுப்பு கூட்டலாமா?" தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தாள்.

"வேணாம்மா. அந்தாண்ட போங்க."

அவள் சுள்ளி பொறுக்கப் போனதும், போன வருஷத்து அடுப்பு இருந்த இடத்தில் முட்டி போட்டு மணலைத் தள்ளினார். சாம்பல் வாசம். அதற்கும் அடியில், தோல் பொசுங்கும் வாசம். முழங்கை ஆழத்தில் சிவப்பாக ஏதோ மினுங்கியது. இந்த வருஷம் இன்னும் யாரும் தீக்குச்சியே கிழிக்கவில்லை.

குடத்தை அப்படியே கவிழ்த்தார். சத்தமில்லை. புகையில்லை. மணல் குடித்துக்கொண்டது. சிவப்பு மங்கவில்லை. மறுபடி கையை விட்டுத் துழாவினார்.

"கதகதன்னு கீது வாத்தியாரே." ஃப்ளோரன்ஸ் குழியோரமாக நின்றாள். "கால் நோவுக்கு இதமா கீது."

அவர் கையை இன்னும் ஆழமாக விட்டார்.

"ஒண்ணு கேக்கறேன். என் பொண்ணு மெய்யாலுமே அடுப்பத் தாண்டுச்சா? அது பயந்த பொண்ணாச்சே."

சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் நாளைக்கு இந்த ஜனம் அவரை என்ன சொல்லும்?

"தாண்டினா. என் கண்ணால பார்த்தேன்."

மணலுக்குள் கையில் ஏதோ பட்டது.

சூடு. கொப்புளம். கையை இழுத்தார். வரவில்லை. அடியிலிருந்து ஒரு சின்னப் பாதம் அவர் உள்ளங்கையில் அழுந்தியது. முதலில் குதிகால். பிறகு விரல்கள். ஒவ்வொன்றாக.

"எதனா தேடறீங்களா?"

இல்லையென்று தலையை ஆட்டினார்.

"இருங்க, நானும் பாக்கறேன்."

அந்தப் பாதத்துக்கு மூன்று நாள் மருந்து தடவிய கையை ஃப்ளோரன்ஸ் மணலுக்குள் விட்டாள்.