சொல்லிட்டியா?

குழந்தைகள் பிரிவில் அன்று மத்தியானம் கூட்டம் குறைவு. பினாயில் வாடையடிக்கும் அறையில், மூன்று மாத மகளை மடியில் கிடத்தி அவள் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார்.

“வெறும் சளிதான். முதல் குழந்தையா?”

“ஆமா டாக்டர். ஆனா பால் குடிக்கும்போது...”

“இன்டர்நெட்ல ஏதாவது படிச்சீங்களா?” டாக்டர் சிரித்தார். “முதல் குழந்தை தும்மினாலே அம்மாக்களுக்குத் தூக்கம் போயிடும். ஒண்ணுமில்லம்மா, போயிட்டு வாங்க.”

அவளும் சிரித்து வைத்தாள். ‘சும்மா சும்மா டாக்டரைத் தொந்தரவு பண்ணாத’ என்று காலையில் கணவன் சொன்னது வேறு காதில் நின்றது. தலையாட்டிவிட்டு எழுந்து வந்தாள்.

நடைவழியின் கோடியில் விளக்கு எரியவில்லை. அந்த இருட்டில், பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நெருங்க நெருங்கப் புளித்த பால் வாடை.

“சொல்லிட்டியா?”

கிசுகிசுப்புதான். ஆனால் காதுக்குள்ளேயே கேட்டது.

“என்னக்கா?”

“பால் குடிக்கும்போது நெத்தி வேர்த்துக் கொட்டுதே. நாலு வாய் குடிச்சதும் மூச்சு வாங்குதே. சொல்லிட்டியா?”

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கணவனிடம்கூட.

“சொல்ல வந்தேன்... டாக்டர் ஒண்ணுமில்லன்னுட்டாங்க.”

“எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன்.”

அந்தப் பெண்ணின் துணி மார்புப் பக்கம் நனைந்து ஒட்டியிருந்தது. சொட்டுச் சொட்டாகத் தரையில் ஏதோ விழுந்துகொண்டிருந்தது. மடியில் குழந்தை இல்லை.

இரண்டு கைகளும் மெல்ல நீண்டன.

அவள் மகளை இறுக்கி அணைத்துக்கொண்டு, வந்த வழியே ஓடினாள்.

அறைக்குள் டாக்டரின் எதிரில் வேறொருவர் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். அவள் நகரவில்லை.

“மன்னிச்சுக்கோங்க டாக்டர், நான் முழுசா சொல்லல. பால் குடிக்கும்போது இவளுக்கு வேர்த்துக் கொட்டுது. மூச்சு வாங்குது. பசிச்சு அழறா, குடிக்க முடியாமலும் அழறா. இன்னொரு தடவை பாருங்க. பார்க்காம நான் போக மாட்டேன்.”

டாக்டரின் முகம் சுருங்கியது. ஆனாலும் பார்த்தார். இம்முறை ஸ்டெதாஸ்கோப் அந்தச் சின்ன நெஞ்சை விட்டு நகரவேயில்லை.

இதயத்தில் ஓட்டை. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. உடனே வார்டில் சேர்த்தார்கள்.

“வீட்டுக்குப் போயிருந்தா இன்னிக்கு ராத்திரி தாண்டியிருக்காது,” என்றார் டாக்டர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“வெளியே இருந்த அக்காதான் ஞாபகப்படுத்தினாங்க...”

ஊசி மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நர்ஸின் கை நின்றது.

“துணி முன்னாடி நனைஞ்சிருந்துச்சா?”

அவள் தலையசைத்தாள்.

“அவங்க குழந்தைக்கும் இதேதான்,” நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். “சளின்னு சொல்லி அனுப்பிட்டோம். குழந்தை போயிடுச்சு. அடுத்த மாசமே அந்தம்மாவும் போயிட்டாங்க.”

அறுவை சிகிச்சை முடிந்து மகள் பிழைத்து வந்தாள். “இவ மட்டும் விடாப்பிடியா நிக்கலன்னா...” என்று கணவன் பார்ப்பவரிடமெல்லாம் பெருமையடித்தான். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நெருப்பை விழுங்கியது போலிருந்தது. அவளுக்கல்லவா தெரியும், எத்தனை நாளாகப் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தாள் என்று. யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற வெட்கம். பெற்ற பிள்ளையை விட அந்த வெட்கம் பெரிதாகப் போய்விட்டது. கடைசியில் தன்னை வாய் திறக்க வைத்த அந்தப் பெண்ணிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாமல், பிள்ளை பிடிக்க வந்தவளைக் கண்டதுபோல் ஓடியும் வந்துவிட்டாள்.

ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்தவள் மகள் சிரிக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். அறையில் அதே புளித்த பால் வாடை.

கட்டிலில் மல்லாந்து கிடந்த குழந்தை, பக்கத்திலிருந்த வெற்றிடத்தைப் பார்த்துக் கைகளைத் தூக்கியது.

அதன் முதுகு மெத்தையை விட்டு மெல்ல எழும்பியது.

ஒரு சாண். இரண்டு சாண்.

அந்தரத்தில் நின்று, இப்படியும் அப்படியும் இதமாக ஆடியது. குழந்தை கொட்டாவி விட்டுக் கண்களை மூடிக்கொண்டது.

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.