ஆணியில் தொங்கிய சட்டை

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வில்பிரட் நேராக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். மாலையில் அவன் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஆனால் கம்பெனி மேனேஜர் முந்தின நாளே ஆள் அனுப்பிவிட்டார். மெஷின் படுத்துவிட்டது, திங்கட்கிழமை சரக்கு போயாக வேண்டும், எப்படியாவது பார்த்துவிடு என்று. எலக்ட்ரீஷியன் வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. முடியாது என்று சொல்ல வாய் வருமா?

"நாலு மணிக்கு நீங்க கோயில்ல இல்லைன்னா, பிள்ளையை எங்க அண்ணன் கையில குடுத்துடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க" என்றாள் மனைவி பியூலா. சொன்னால் செய்கிறவள். வில்பிரட் சிரித்துக்கொண்டே, போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு சைக்கிளில் ஏறி, தாம்பரம் ரயில்வே கேட்டைத் தாண்டி முடிச்சூர் ரோட்டில் மிதித்தான்.

எழுபத்து மூன்றாம் வருஷம். மின்வெட்டுக் காலம். அந்த வட்டாரத்துக்கு மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் கரண்ட் வரும். வில்பிரட்டுக்கு அதுவும் நல்லதாகப் பட்டது. கரண்ட் இல்லாத மெஷின் கடிக்காது.

கேட்டைத் திறந்த வாட்ச்மேன் வீராசாமி, அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நென்ச்சுக்காத சார். உள்ள போனா சட்டைய மட்டும் கயட்டாத."

"ஏன் வீராசாமி?"

"கயட்டாதன்னா வுட்டுடு. நான் கேட்டாண்டயே கீறேன். அந்த ஷெட்டுக்குள்ள மட்டும் என்னைக் கூப்டாத."

காலையிலேயே ஊற்றிக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தபடி வில்பிரட் உள்ளே நடந்தான்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை வெயிலில் டிக் டிக்கென்று முறுக்கிக்கொண்டிருந்தது. தீய்ந்த எண்ணெயின் வாடை. ஷெட்டின் கடைசியில் நின்றது அந்த இண்டக்‌ஷன் மெஷின். நெருப்பே இல்லாத உலை. செம்புக் குழாயைச் சுருளாக வளைத்திருப்பார்கள். அதற்குள் இரும்புத் தண்டை நுழைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் தண்டு பழுத்துவிடும். உள்ளே தண்ணீர் ஓடுவதால் சுருள் மட்டும் சில்லென்றே இருக்கும். மெஷினின் முதுகுப் பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குக் கம்பிவலைக் கூண்டு. ஆயிரக்கணக்கான வோல்ட் குடியிருக்கும் இடம் அதுதான்.

அதை எழுப்ப ஒரு வரிசை உண்டு. முதலில் கூண்டுக் கதவை மூட வேண்டும், திறந்திருந்தால் மெஷின் எழும்பாது. அடுத்தது தண்ணீர். அதற்கடுத்து பியூஸ். கடைசியில் பச்சைப் பொத்தான்.

கூண்டுக்குள் போகிறவன் சுவர் போர்டிலிருந்து மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கட்டை தன்னிடம் இருக்கிறவரை வேறு எவனும் கரண்ட் கொடுத்துவிட முடியாதல்லவா? வில்பிரட் அப்படியே செய்தான். கைக்கடிகாரத்தையும் கழற்றி அதே பையில் போட்டான். தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, கொண்டியோ வெளிப்புறம். ஆகவே ஓர் இரும்புத் துண்டை அண்டக்கொடுத்தான். பிறகு எர்த் தடியை எடுத்தான். மரப்பிடி, நுனியில் செம்புக் கொக்கி, அதிலிருந்து தரைக்குள் போகும் கம்பி. கரண்ட் போன பிறகும், அதைத் தேக்கிவைக்கும் கண்டென்சர் மனசுக்குள் வஞ்சம் வைத்திருக்கும். கொக்கியால் தொட்டு அதைத் தீர்த்துவிட்டு, தடியைக் கூண்டுக்குள் ஓரமாகச் சாய்த்தான்.

வேர்த்துக் கொட்டியது. சாயங்காலம் கோயிலுக்குப் போட வேண்டிய சட்டை. எண்ணெய்க் கறை பட்டால் பியூலா உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

வீராசாமி சொன்னது ஞாபகம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

சட்டையைக் கழற்றிக் கூண்டுக்கு வெளியே தூணில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு உள்ளே நுழைந்தான். பையில் கட்டைகள் இருப்பதை அவன் யோசிக்கவேயில்லை.

கோளாறு சட்டென்று அகப்பட்டது. எல்லாம் கிணற்றுத் தண்ணீரின் வேலை. வெந்நீர்ப் பானையில் படிகிற மாதிரி ரப்பர் குழாய்க்குள் வெள்ளை வெள்ளையாக உப்பு அடைத்திருந்தது. தண்ணீர் போதாமல் மெஷின் தானே நின்றிருக்கிறது. கம்பியை விட்டுக் குடைந்து, குழாயை மாட்டி, கிளிப்பை முடுக்கினான். முடிந்தது வேலை. நாலு மணிக்குத் தாராளமாகப் போய்விடலாம் என்று மனசு குளிர்ந்துபோயிற்று.

அப்போது இரும்புத் துண்டு தரையில் உரசும் சத்தம் கேட்டது.

கதவு மெல்ல வந்து சாத்திக்கொண்டது. வெளியே கொண்டி விழுந்தது.

"யாரது? வீராசாமி?"

தோளால் இடித்தான். கதவு அசையவில்லை. சரி, வீராசாமி தேடிக்கொண்டு வராமலா போவார் என்று தன்னையே தேற்றிக்கொண்டான்.

காலடியில் ரப்பர் குழாய் நெளிந்தது. மேல்தொட்டித் தண்ணீர் கொடகொடவென்று அதற்குள் இறங்கத் தொடங்கியது. வால்வு வெளியே இருக்கிறது. அதை யாராவது திருகினால்தான் தண்ணீர் வரும்.

முதலில் கதவு. அடுத்தது தண்ணீர்.

வில்பிரட்டின் கண் தானாகச் சட்டையின் பக்கம் போயிற்று. கனத்தில் பை தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் லேசாயிற்று. அந்தப் பக்கச் சுவரில், போர்டில், 'டக்' என்று ஒரு சத்தம்.

பை இன்னும் லேசாயிற்று.

டக்.

கம்பிவலையைப் பிடித்து உலுக்கினான். மூன்றாவது சத்தமும் கேட்டது. பச்சைப் பொத்தான் உள்ளே அழுந்தியது. யாரோ விரலை எடுக்காமல் வைத்திருப்பதுபோல அழுந்தியே நின்றது.

இனி வர வேண்டியது கரண்ட் ஒன்றுதான். இரண்டு மணிக்கு வரும். இப்போது மணி என்ன? கடிகாரம் சட்டைப் பையில்.

"உள்ளே ஆள் இருக்கேன்! வீராசாமி! உள்ளே ஆள் இருக்கேன்!"

"நானும் அப்டித்தான் சார் கத்துனேன்."

குரல் வெளியிலிருந்து வரவில்லை. அவன் காதோரத்தில் கேட்டது.

கூண்டுக்குள் இரண்டு பேர் நிற்க இடம் கிடையாது. ஆனாலும் அவன் முதுகை ஒட்டி யாரோ நின்றார்கள். கருகிய மயிரின் நாற்றம்.

"மூணு வருஷமா உள்ளயே கீறேன் சார். நீ இரு. நான் போறேன்."

பிள்ளையின் முகம் கண்ணுக்குள் வந்தது. எங்கிருந்து புத்தி வந்ததோ, பாய்ந்து எர்த் தடியை எடுத்துக் கண்டென்சரின் தலையில் கொக்கியை மாட்டினான். கொக்கி அங்கே இருந்தால், கரண்ட் வந்ததும் அத்தனையும் தரைக்கு ஓடும், பியூஸ் எரிந்துவிடும். உயிர் பிழைக்க அது ஒன்றே வழி.

தடி மேலே எழும்பியது.

மரப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினான். இன்னொரு பிடி, அவன் கைகளுக்கு மேலே, சில்லென்று, அவசரமே இல்லாமல் தடியை மேலே தூக்கிக்கொண்டிருந்தது. கொக்கி நழுவியது. "ஆண்டவரே, ஆண்டவரே" என்று வாய்விட்டு அழுதுகொண்டே உடம்பின் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கினான். கொக்கி மறுபடி பதிந்தது. மறுபடி நழுவியது. மறுபடி பதிந்தது.

தூண் விளக்கு எரிந்தது.

காதைப் பிளக்கும் வெடி. நீல வெளிச்சம். பிறகு அமைதி.

கொண்டி தானாக விலகி, கதவு அகலத் திறந்தது.

வில்பிரட் விழுந்தடித்து வெளியே வந்தான். போர்டில் மூன்று பியூஸ் கட்டைகளும் கரிபிடித்து நின்றன. அவற்றை அவன் தொடவில்லை. சட்டையை மட்டும் இழுத்துக்கொண்டு ஓடினான். பையில் கடிகாரம் மட்டும் இருந்தது.

கேட்டில் வீராசாமி அவனுடைய பனியனையும் கையிலிருந்த சட்டையையும் பார்த்தார். "கயட்டிட்டியா? படிச்சுப் படிச்சு சொன்னேனே சார்."

"யாரு அது?"

"ரங்கன். எங்க கோவளத்து ஆளு. வேர்க்குதுன்னு சட்டைய அதே ஆணில மாட்டிட்டு உள்ள பூந்தான். கட்டைங்க அதுலயே இருந்துச்சு. அவசரத்துல எவனோ எடுத்து மாட்டிட்டான். உள்ள ஆள் கீதுன்னு பாக்கல." ஷெட்டின் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கூண்டுக் கதவ சாத்திட்டு வந்தியா சார்?"

"இல்லை. தானாத் திறந்துச்சு. அப்படியே ஓடி வந்துட்டேன்."

வீராசாமி அவன் முகத்தைப் பார்க்காமல், அவனுக்குப் பின்னால் வெறும் வழியைப் பார்த்துக்கொண்டே ஒதுங்கி நின்றார்.

நாலு மணிக்கு வில்பிரட் கோயிலில் இருந்தான். பியூலா ஒரு முறை முறைத்துவிட்டுக் குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். அந்தப் பால் வாசனையில் அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிழைத்தோம் என்று அப்போதுதான் நம்பினான்.

குழந்தையை மார்போடு அணைத்தபோது ஏதோ உறுத்தியது.

சட்டைப் பை கனத்துத் தொங்கியது. குனிந்து பார்த்தான். கரிபிடித்த மூன்று பியூஸ் கட்டைகள். எரிந்துபோன கம்பிக்குப் பதிலாக, மூன்றிலும் புதுக் கம்பி பளபளவென்று கட்டியிருந்தது.

பின்னால் கோயிலின் பெரிய கதவு மெல்ல வந்து சாத்திக்கொண்டது. காற்றே இல்லை.

போதகர் புன்னகையோடு ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்.

வில்பிரட் பையைக் கையால் பொத்திக்கொண்டான். பொத்தியிருக்கும்போதே, உள்ளங்கைக்குள், ஒரு கட்டையின் கனம் குறைந்தது.