குதித்த கோடு

கோடு ஏறவில்லை, குதித்தது.

அதுதான் மாஹ்ரோக்கை முதலில் உறுத்தியது. நாடு முழுவதும் இணையத்தை நிறுத்தி ஏழு நாளாகியிருந்தது. ரஷ்ட் நகரத்துச் சிறிய இணைய நிறுவனம் ஒன்றின் மூன்றாம் மாடியில், இயந்திரங்களின் சூட்டில் வெந்த தூசி வாசனைக்கும் கண்ணாடியை ஓயாமல் நனைத்த மழைக்கும் நடுவே, திரையின் அடியோடு ஒட்டிக் கிடந்த, ஊரின் இணைப்பைக் காட்டும் பச்சைக் கோட்டுக்கு அவள் தனியாகக் காவல் இருந்தாள். இணைப்பு திரும்பினால் ஒரு தெரு, பிறகு இன்னொரு தெரு என்று தயங்கித் தயங்கித்தான் வரும். இதுவோ மாலை நாலே காலுக்கு, ஒரே நொடியில், பூஜ்யத்திலிருந்து நூறு. ஒரு வீடுகூட விடுபடவில்லை.

ஆனாலும் கை கைப்பேசிக்குத்தான் போனது. இத்தாலியில் இருக்கும் மகள் தரானேவுக்கு இது பிரசவ வாரம். ‘பிறந்துவிட்டதா?’ என்று அனுப்பினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

தலைமையகத்தில், தெஹ்ரானில், இதே வேலையைப் பார்க்கும் பெஹ்னாமைத் தரைவழித் தொலைபேசியில் அழைத்தாள்.

“அங்க வந்துடுச்சா பெஹ்னாம்?”

“எங்க வர்றது? செத்துக் கெடக்கு. ஏன் மாஹ்ரோக் கானூம்?”

“எங்களுக்கு வந்துடுச்சு. மொத்தமா.”

“ரஷ்டுக்கு மட்டும் தனியாவா? யாருக்கு மீன் பொரிச்சுக் குடுத்தீங்க?”

ஏழு நாளில் முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. திரையைப் பார்த்ததும் நின்றது.

“விளையாடாதீங்க. ஊரே எதையோ அனுப்புது. ஒரு வீடும் எதையும் எடுக்கல.”

“யாருக்கு அனுப்புது?”

முகவரியைப் படித்தாள். மறுபடி படித்தாள். எல்லா வீட்டுக்கும் அதே முகவரி. அவள் முன்னாலிருந்த கணினியுடையது.

“எனக்கு.”

“என்ன உளர்றீங்க... இருங்க. இங்கயும் குதிச்சிடுச்சு.”

“பெஹ்னாம்?”

அவன் தொலைபேசியை வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, நிதானமாக, சீராக. பக்கத்து மேசைக்காரர்களின் மூச்சும் அதே தாளத்தில் அதோடு சேர்ந்துகொண்டது.

அவள் மெதுவாகத் தொலைபேசியை வைத்தாள்.

அப்போதுதான் தெருவின் சத்தம் நின்றிருப்பது உறைத்தது. ஹார்ன் இல்லை. மீன்காரர்களின் கூவல் இல்லை. இத்தனை நாள் வெளியுலகத்தோடு பேச முடியாமல் இருந்த ஊர் இந்நேரம் தெருவில் இறங்கிக் கத்திக்கொண்டிருக்க வேண்டும். மழை மட்டும்தான் கேட்டது.

ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தாள்.

தெருவெல்லாம் ஆட்கள். குடை இல்லை. நடுச்சாலையில் நிறுத்திய கார்கள், கதவுகள் திறந்தபடி. எதிர் மாடிகளிலும் ஆட்கள். எல்லோர் காதிலும் கைப்பேசி. எல்லோர் முகமும் மேலே, இந்த ஜன்னலைப் பார்த்து.

யாரும் அசையவில்லை.

பிறகு, ஒரே நேரத்தில், வாய்கள் திறந்தன. ரொட்டிக்கடைக்காரர். பர்தாப் பெண்கள். அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த சின்னக் குழந்தை. தாடை எவ்வளவு போகுமோ அவ்வளவுக்குத் திறந்தன. திறந்தபடியே நின்றன. சத்தம் இல்லை. மழை அந்த வாய்களுக்குள் விழுந்துகொண்டிருந்தது.