நரம்பில் ஏறியவள்

ஜெலுத்தோங் பிளாட்டிலிருந்து இரண்டு பைகளோடு பெர்ரி ஏறி, அக்கரையிலுள்ள பாகான் டாலாமுக்கு வாழ வந்தாள் ரமணி. குணாளனுக்கு இது இரண்டாம் கல்யாணம். பழைய பலகை வீடு, பின்னால் கொட்டகை, அதில் ஒரே ஒரு செவலைப் பசு. வீடெல்லாம் வைக்கோல் வாடை. இறந்துபோன முதல் மனைவி சாந்தினி கன்றிலிருந்து வளர்த்த பசு அது.

புக்கிட் தெங்கா பேக்டரியிலிருந்து வந்ததும் குணாளன் முதலில் கொட்டகைக்குத்தான் போவான். சோற்றில் முதல் உருண்டையைச் செவலைக்கு ஊட்டிவிட்டுத்தான் தான் சாப்பிடுவான். சாந்தினி வைத்த வழக்கமாம். அவள் அவனை 'குணா' என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுவாளாம். ரமணிக்கு 'என்னங்க'தான். மாட்டோடு பேசும்போது அவன் முகத்தில் வரும் அந்தப் பிரகாசம் ரமணி பக்கம் ஒருநாளும் திரும்பியதில்லை. செத்தவளோடும் மாட்டோடுமா போட்டி என்று தன்னையே திட்டிக்கொள்வாள். ஆனாலும் வயிறு எரியும்.

மழை மாதத்தில் ஒரு தெருநாய் செவலையின் பின்னங்காலைக் கடித்தது. குணாளன் மஞ்சள் பூசினான், புண் ஆறிவிட்டது. பிறகு ஒரு மாலை செவலை சோற்றைத் தொடவில்லை. வாயிலிருந்து எச்சில் கயிறாக வழிந்தது. கரகரத்த குரலில் ஓயாமல் கத்தியது.

"தொண்டையில என்னமோ மாட்டிக்கிச்சு." குணாளன் சட்டைக் கையை மடித்தான்.

"நீங்க தள்ளுங்கலா, நான் பார்க்கிறேன்."

ரமணி முந்திக்கொண்டாள். செவலையைக் காப்பாற்றியவள் என்பதற்காகவாவது அவன் தன்னைப் பார்க்கட்டுமே! முழங்கை வரை கையை விட்டாள். தொண்டையில் ஒன்றுமில்லை. விரலில் பல் கீறியதுதான் மிச்சம்.

மறுநாள் செவலை செத்தது. கால்நடை டாக்டர் யமுனா, ரமணியை உடனே ஊசி போட அனுப்பினாள். சோதனை முடிந்ததும் திரும்ப வந்தாள்.

"வெறிநோய்தான்க்கா. கால் நரம்பு, முதுகுத்தண்டு, மூளை, எல்லாத்துலயும் துண்டு எடுத்துப் பார்த்தோம். கடிச்ச எடத்துலேர்ந்து நரம்பப் புடிச்சு மெதுவா மேல ஏறியிருக்கு. மூளைக்குப் போய், அங்கேர்ந்து எச்சிலுக்கு எறங்கியிருக்கு."

"எனக்கும் ஏறுமா டாக்டர்?"

"அதான் உடனே ஊசி போட்டாச்சே. மிச்ச ஊசியையும் விட்டுறாதீங்க. வராது."

வரவில்லைதான். ஊசிகள் முடிந்தன, மாதங்கள் போயின. காய்ச்சல் இல்லை, தண்ணீரைக் கண்டு பயமில்லை. நோய் எதுவும் இல்லை என்று ஆஸ்பத்திரியிலும் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் கீறல் பட்ட விரலில் ஒரு குறுகுறுப்பு.

அது மணிக்கட்டுக்கு வந்தது.

முழங்கைக்கு வந்தது.

தோளில் ஏறிய அன்று, காலிக் கொட்டகையில் புது வைக்கோல் வாடை அடித்தது.

கழுத்துக்கு வந்த மாலை, ரமணி சோற்றைத் தட்டில் போட்டாள். அவள் கை தானாக முதல் உருண்டையைப் பிடித்துக் கொட்டகைப் பக்கம் நீட்டியது. வாசலில் குணாளனின் மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தம். பயந்துபோய் 'என்னங்க' என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

"குணா..."

அவள் கேட்டே இராத ஒரு பெண்ணின் குரல்.

ஹெல்மெட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான் குணாளன். ரமணி இத்தனை நாள் ஏங்கிய அந்த முகம், அந்தப் பிரகாசம், நேராக அவளையே பார்த்தது.

"சாந்தினி?"

நான் ரமணி என்று சொல்லத் துடித்தாள். நாக்கு புரளவில்லை. கை மட்டும் உயர்ந்து, அந்தச் சோற்று உருண்டையை அவனுக்கு ஊட்டியது. அழுதுகொண்டே வாங்கிக்கொண்டான்.

உள்ளே எங்கோ ரமணிக்கு வயிறு எரிந்தது.

காலிக் கொட்டகையில் செவலை கத்தியது.