யாரும் பாரமெடுக்காதவள்

ஐம்பத்தெட்டாம் ஆண்டு ஐப்பசியில், பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில், வெள்ளாங்கல் தோட்டத்து லொறி டவுன் ஆஸ்பத்திரி முற்றத்தில் வந்து நின்றது.

மழை விட்டிருந்தது. மலையிலிருந்து இறங்கிய மூட்டம் முற்றம் வரைக்கும் வந்திருந்தது. டிரைவர் ரெங்கசாமி பின்பலகையை இறக்கினார். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்காரன் ஒருவன் கால் முறிந்து சாக்குகளின்மேல் கிடந்தான்.

ஆஸ்பத்திரிச் சிப்பந்தி இத்ரூஸ் ஸ்ட்ரெச்சரோடு வந்தான்.

“என்ன ரெங்கசாமியண்ணே, ஒங்கட தோட்டத்துல தேயிலைய வெட்டுறதா, கால வெட்டுறதா?”

“வாய மூடிட்டு ஆளத் தூக்கு.”

கால் முறிந்தவனும் சிரித்துவிட்டான். இத்ரூஸும் இன்னொரு சிப்பந்தியுமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். வார்டு வாசலைத் தாண்டியதும் இத்ரூஸ் திரும்பிப் பார்த்துக் கத்தினான்.

“பாரமெடுத்தாச்சு!”

ஆளை ஒப்புக்கொண்டோம் என்பதற்கு அங்கே அதுதான் சொல். அது காதில் விழுந்தால் கொண்டுவந்தவன் போகலாம். அதன்பிறகு நோயாளிக்கு என்ன ஆனாலும் அவனைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

ரெங்கசாமி வண்டியை எடுத்தார். கேட்டுக்கு ஏறுகிற சின்ன மேட்டில் லொறி முனகியது. வெறும் வண்டி அந்த மேட்டில் முனகாது. ஓர் ஆளை ஏற்றியிருந்தாலும் முனகாது. இருந்தும் முனகியது.

பிறகு வாசம் வந்தது.

பால். புளிக்கத் தொடங்கிய தாய்ப்பால்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. போன ஐப்பசியிலிருந்து இப்படித்தான்.

*

இராக்கம்மா கொழுந்தெடுக்கிறவள். போன வருசம், பிள்ளை பெற்ற மறுவாரம் அவளுக்குப் புத்தி பேதலித்தது. மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்து, இது யார் பிள்ளை என்று கேட்டாள். என் பிள்ளை மலையில் அழுகிறது என்று சொல்லி மழைக்குள் ஓடினாள். புருசன் மாரிசாமி அவளைப் பாறை விளிம்பில் வைத்துப் பிடித்தான்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் கனகசபை அவளை டவுனுக்கு அனுப்பச் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டவர் இல்லை, பயந்தவர். ஸ்ட்ரெச்சரோடு சேர்த்து மார்பிலும் கையிலும் முழங்காலிலும் கயிறு போடவைத்தார். கூடப் போக ஒரு பெண்ணாளைக் கேட்டார். கொழுந்து மும்முரம், ஆள் தர முடியாது என்று துரை பங்களாவிலிருந்து பதில் வந்தது.

“வழியில நிப்பாட்டாதை. கட்டை அவிழ்க்காதை,” என்றார் கனகசபை ரெங்கசாமியிடம். “அவள் குதிச்சுச் செத்தால் கோட்டுக் கூண்டில நீதான் நிக்க வேணும். கட்டினபடி கொண்டுபோய்க் குடுத்தால் உன்னை ஒருத்தரும் கேள்வி கேக்க ஏலாது.”

மாரிசாமி பின்பலகையைப் பிடித்தபடி நின்றான். தோளில் பிள்ளை.

“தனியாவா போவா அண்ணே?”

“நான் இருக்கேன்ல?”

“புள்ள பாலுக்கு அழுவுமேண்ணே.”

“கைய எடுப்பா. அவ என் பாரம்.”

மாரிசாமி கையை எடுத்தான்.

தோட்டத்து லொறியில் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் இருப்பவர்கள் டிரைவரின் முதுகுப் பலகையில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும். இரண்டு தட்டினால் போகலாம். கொழுந்து லொறியில் ஏறிய யாருக்கும் அது தெரியும். இராக்கம்மாவுக்கும் தெரியும்.

முதல் வளைவிலேயே ஒரு தட்டு கேட்டது. குதிகாலால் தட்டியிருந்தாள்.

“அண்ணே, பால் கட்டிக்கிச்சுண்ணே. கயிறு அழுத்துது. கொஞ்சம் எளக்கிவிட்டுட்டுப் போங்கண்ணே.”

புத்தி பேதலித்தவளின் குரலாக அது இல்லை. களைத்த ஒரு தாயின் குரல்.

ரெங்கசாமியின் கால் பிரேக்குக்குப் போனது. இடதுபுறம் பள்ளம். அடி தெரியாத மூட்டம். கட்டை அவிழ்க்காதை.

கால் திரும்பி வந்துவிட்டது.

“இந்தா வந்துட்டோம் தாயி.”

ஆஸ்பத்திரியில் பாரமெடுக்கவில்லை. புத்தி பேதலித்தவளை எடுக்க நீதவானின் உத்தரவு வேண்டும், பொலிசுக்குப் போ என்றார்கள். குற்றம் செய்யாதவளை நாங்கள் எப்படி எடுப்பது, ஆஸ்பத்திரிக்குப் போ என்றது பொலிஸ். கயிற்றையாவது இளக்கட்டுமா என்று இரண்டு இடத்திலும் கேட்டார். அது உன் விருப்பம், ஏதும் ஆனால் நீதான் பொறுப்பு என்றார்கள். லொறியை மூடியிருந்த படங்கைத் தூக்கி உள்ளே பார்த்தவர் யாருமில்லை.

மறுபடி ஆஸ்பத்திரி முற்றத்துக்கு வந்தபோது தட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

அவர் யாரையும் கேட்காமல் கயிற்றை அவிழ்த்தார். ரவிக்கை நனைந்திருந்தது. பால் இன்னும் சூடாக இருந்தது.

அவள் போய்விட்டாள்.

*

மரண விசாரணையில் ஒரு கேள்விதான். சாகும்போது அவள் யாருடைய பாரத்தில் இருந்தாள்? தோட்டம் அனுப்பிவிட்டது. ஆஸ்பத்திரி எடுக்கவில்லை. பொலிசும் எடுக்கவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை.

ரெங்கசாமி எழுந்து நின்றார்.

“என் பாரமுங்க. அவ புருசன்கிட்ட சொல்லி ஏத்திட்டு வந்தேனுங்க.”

விசாரணை அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நீ டொக்டரா?”

“இல்லீங்க.”

“பொலிசா?”

“டிரைவருங்க.”

“போகச் சொன்ன இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாய். சட்டப்படி உனக்குப் பாரமில்லை. இரு.”

அவர் உட்கார்ந்தார். ஒருவர்மீதும் குற்றமில்லை என்று முடிந்தது.

“தப்பினாய் ரெங்கசாமி,” என்றார் கனகசபை, வெளியே வந்ததும். சிகரெட்டைப் பற்றவைக்க அவருக்கு வெகுநேரமானது.

பிள்ளை மாவுப்பாலைக் குடிக்கவில்லை. கார்த்திகையில் அதுவும் போனது. மாரிசாமி யாரையும் எதுவும் கேட்கவில்லை. அவன் குடியிருந்த லயத்தை லொறி கடக்கும்போது மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவான்.

*

லொறியைக் கழுவியாயிற்று. சாம்பிராணி போட்டாயிற்று. கயிற்றை எரித்தாயிற்று. தோட்டத்தில் கொழுந்து ஏற்றும்போது ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பினால் போதும், கனம் ஏறிவிடும். முதல் வளைவில் ஒரு தட்டு.

இப்போதெல்லாம் அவர் உடனே நிறுத்திவிடுவார். என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். போகலாம் என்கிற இரட்டைத் தட்டு ஒருநாளும் வந்ததில்லை.

ஒரு தரம் லயத்து வாசலில் நிறுத்தி, பின்பலகையை இறக்கினார்.

“எறங்கு தாயி. வீடு வந்திருச்சு.”

யாரும் இறங்கவில்லை. பால் வாசம் மட்டும் வந்தது. வீட்டில் அதைக் குடிக்க யாரும் இல்லை.

இன்றைக்கு வளைவு வரைக்கும் போகவில்லை. ஆஸ்பத்திரி கேட்டிலேயே கேட்டது.

ஒரு தட்டு.

ரெங்கசாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். எதிரே மலைக்கு ஏறுகிற ரோடு. மூட்டத்தில் பாதிதான் தெரிந்தது.

அவர் லொறியைப் பின்னுக்கு எடுத்தார். வார்டு வாசல்வரை மெதுவாகப் பின்னால் வந்து நிறுத்தினார்.

இத்ரூஸ் வெற்றிலையை மென்றுகொண்டே வந்தான்.

“என்னண்ணே, அந்தாள்ர மத்தக் கால மறந்து வச்சிட்டுப் போனீங்களா?”

ரெங்கசாமி இறங்கிப் பின்பக்கம் போனார். பின்பலகையின் கொக்கிகளைக் கழற்றினார். பலகை கையை விட்டு விழுந்தது.

இத்ரூஸ் மூக்கை உறிஞ்சினான்.

“பால் ஏத்திட்டு வந்தீங்களா?”

பலகையில் கை வைத்தான். சட்டென்று எடுத்துக்கொண்டான். விரல்களைப் பார்த்தான்.

“சுடுது,” என்றான் மெதுவாக.

உள்ளே சாக்குகள்தான் கிடந்தன. கால் முறிந்தவன் ஒரு ஓரமாகக் கிடந்தான். அந்த ஓரத்தில் சாக்குகள் குலைந்திருந்தன. நடுவில், ஓர் ஆள் நீளத்துக்கு, சாக்குகள் பள்ளமாக அழுந்தியிருந்தன.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளம் இன்னும் கொஞ்சம் அழுந்தியது.

டிரைவரின் முதுகுப் பலகையில், உள்ளிருந்து, ஒரு தட்டு.

இத்ரூஸ் மெல்லுவதை நிறுத்தினான். அவனுக்குப் பின்னால் வார்டு வாசல் திறந்திருந்தது. போன வருசம் இதே வாசலில் நின்று, பொலிசுக்குக் கொண்டுபோகச் சொன்ன பதிலை வெளியே வந்து சொன்னவன் அவன்தான். மேலே உள்ளவர்கள் சொன்னதைச் சொன்னான்.

ரெங்கசாமி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்கிறவர் மாதிரி நின்றார்.

“இன்னொரு ஆளு இருக்கு இத்ரூஸு. நீயாச்சும் பாரமெடுத்துக்கிறியா?”