சுருங்கிய கட்டைவிரல்

"ஐயோ… கொலை! கொலை!"

காலை எட்டு மணிக்கு, ஜப்பானின் நாகஓகா நகரத்துப் பழம்பொருள் கடைத்தெருவே அதிர்ந்தது.

கடைக்காரர் குரோஸே பாயில் மல்லாந்து கிடந்தார். மண்டை பிளந்திருந்தது. சுற்றிலும் சில்லுச் சில்லாய், கற்காலத்து ஜோமோன் மக்கள் செய்த பானை. ஐயாயிரம் வருஷத்துப் பழசாம்! விளிம்பெல்லாம் தீக்கொழுந்து வேலைப்பாடு. அதையே தூக்கி அவர் தலையில் போட்டிருக்கிறார்கள்!

இன்ஸ்பெக்டர் இகராஷி விலங்கை எடுத்தார்.

எதிரே, பானை செய்யும் சயோகோ.

"போலிப் பானையை விக்கிறியே, வெக்கமா இல்லையான்னு நேத்து இங்க வந்து கத்தினது நீதானே?"

"ஆமா ஸார். கத்தினா கொலையா?"

"ஹூம்!" என்று மூக்கைச் சுளித்தார் டாக்டர் ஹொரியுச்சி. பானை அசல்தான் என்று சான்றிதழ் கொடுத்த நிபுணர். விசாரணைக்கு உதவ வந்திருந்தார். பட்டு டை. வெள்ளைக் கையுறை. மண் பிசைகிறவர்கள் அவருக்குக் கால் தூசு.

"சட்டி சுடுறவ எனக்குப் பாடம் எடுக்குறா! இன்ஸ்பெக்டர், இந்தக் கழுத்துச் சில்லைப் பாருங்க. உள்பக்கம் கட்டைவிரல் பதிஞ்சிருக்கு… எவ்வளவு சின்னது! அந்தக் காலத்துப் பொம்பளை விரல். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

சயோகோ பக்கென்று சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?"

"மண்ணு காயும்போது சுருங்கும் ஸார். சூளையில இன்னும் சுருங்கும். எந்தத் தடியன் விரலும் சின்னதாத்தான் வரும். எங்க வீட்டுப் பூனைக்கே தெரியும்!"

"உளறாதே!"

டாக்டரின் முகம் வெளுத்தது.

இகராஷி சில்லை வெளிச்சத்தில் பிடித்தார். ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டுத் தழும்பு…

"டாக்டர், கையுறையைக் கழட்டுங்க."

"எ… எதுக்கு?"

"கழட்டுங்கன்னா கழட்டுங்க!"

வலது கட்டைவிரல். அதே தழும்பு! அளவுதான் கொஞ்சம் பெரிது.

விரல் சுருங்கும் என்று தெரிந்தே கதை அளந்த மேதாவிக்கு, தழும்பும் கூடவே வந்து உட்காரும் என்று உறைக்கவில்லை. படித்த முட்டாள்!

"இவ கத்தினதுல அந்தக் குரோஸேக்குச் சந்தேகம் வந்துடுச்சு…" டாக்டர் பாயில் சரிந்தார். "பானையைச் செஞ்சதே நீதானான்னு என்னைக் கூப்பிட்டுக் கேட்டான். பேப்பர்ல சொல்லிடுவேன்னான்… என் பேரு என்னாகும்?"

"கொலையைக்கூட விடுங்க ஸார்," சயோகோ ஒரு சில்லைக் காலால் தள்ளினாள். "தீக்கொழுந்தா இது? சேவல் கொண்டை!"

இகராஷி டாக்டரின் கையில் விலங்கை மாட்டினார்.

"ஐயாயிரம் வருஷத்துப் பொம்பளையை அரெஸ்ட் பண்றது எனக்கு இதுதான் முதல் தடவை… வாங்கம்மா, கார்ல ஏறுங்க!"