அளவு நோட்டில் ஒரு பொம்மை

பட்டாணி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. முட்டையை அக்காவின் தட்டில் தள்ளிவிட்டாள். ரொட்டியின் ஓரத்தை மட்டும் கொறித்தாள். யாரும் பார்க்காத நேரத்தில் பாலை ஜன்னலோரத் தொட்டிச் செடிக்கு ஊற்றினாள். செடிக்கும் அது பிடிக்கவில்லை.

பட்டாணி என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். வயது ஏழு. அக்காவுக்குப் பதினொன்று. அம்மா தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை.

எல்லாம் பிறந்தநாளுக்கு வந்த பொம்மையால் வந்த வினை. நீளக் கூந்தல், நீளக் கால், இரண்டு விரலுக்குள் அடங்கும் இடுப்பு. அம்மா ஒரே நீலத் துணியில் பொம்மைக்கு ஒன்று, பட்டாணிக்கு ஒன்று என்று ஆசையாகக் கவுன் தைத்துக் கொடுத்தார். பட்டாணி அதைப் போட்டுக்கொண்டு, பொம்மையையும் தூக்கிப் பிடித்தபடி கண்ணாடி முன் நெடுநேரம் நின்றாள். அன்றிலிருந்துதான் தட்டில் மிச்சம் விழ ஆரம்பித்தது.

அக்கா முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதன்கிழமை மாலை கண்டக்டர் அத்தை வந்தார். பக்கத்துத் தெருக்காரர். பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர்.

“யூனிஃபார்ம் சட்டை இழுத்துப் பிடிக்குது. நான் பெருத்துட்டேன் போல,” என்றார்.

“நீங்க ஒண்ணும் பெருக்கலை. நான்தான் இறுக்கிப் பிடிச்சுட்டேன். பிரிச்சு விட்டா சரியாயிடும்,” என்றார் அம்மா.

எல்லாரிடமும் அவர் சொல்வது இதுதான். துணி உடம்போடு சேரவில்லை என்றால் குற்றம் தைத்தவர் மேல். அந்தக் கடையில் அதுதான் சட்டம்.

கண்டக்டர் அத்தை பட்டாணியின் பக்கம் திரும்பினார். “என்ன கிரேன் டிரைவர், எப்ப வேலையில சேரப்போறே?”

எதிர்ப்புறம் ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே நிற்கும் மஞ்சள் கிரேனை ஓட்டுவதுதான் பட்டாணியின் லட்சியம். தெருவுக்கே தெரிந்த விஷயம்.

“நான் கிரேன் ஓட்டப் போறதில்லை.”

“பின்னே என்ன ஆகப்போறே?”

“ஒல்லியா ஆகப்போறேன்.”

அத்தை சிரித்துவிட்டுப் போனார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. பட்டாணி காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூடக் கிரேனை விட்டுக்கொடுத்ததில்லை.

“எதுக்குடி சாப்பிடாம இருக்கே?”

“இந்தப் பொம்மை மாதிரி இடுப்பு வேணும். அதே கவுன்தான், எனக்கு மட்டும் நல்லாவே இல்லை.”

“உனக்கு நல்லாத்தான் இருக்கு.”

“நீ என் அக்கா. நீ அப்படித்தான் சொல்லுவே.”

சொந்தக்காரர் சாட்சி இங்கே எடுபடாது. யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்றே தெரியாமல் உள்ளதைச் சொல்லும் ஆள் வேண்டும். அக்கா போய் அளவு நாடாவை எடுத்து வந்தாள்.

“சரி, உன் பொம்மையை அளப்போம். நுனியைப் பிடி.”

பொம்மையின் உயரம் இருபத்தொன்பது சென்டிமீட்டர். பட்டாணி நூற்றுப் பதினாறு. சரியாக நாலு மடங்கு. அக்கா பொம்மையின் எல்லா அளவையும் நாலால் பெருக்கி, கடையின் அளவு நோட்டில் எழுதினாள். பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் ‘கவுன்’ என்று மட்டும் எழுதினாள்.

“அம்மாகிட்ட மூச்சு விடாதே,” என்றாள்.

அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. துணியில் கத்தரி வைக்குமுன் அளவை வாய்விட்டுப் படிப்பார். படித்தால் அந்த ஆளே கண்முன் வந்து நிற்பார் என்பார். மறுநாளும் நோட்டைப் புரட்டிப் படித்தார். பட்டாணி மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள்.

“உயரம் நூத்திப் பதினாறு. நம்ம பட்டாணி உயரம். இடுப்பு முப்பத்தாறு.” அம்மா நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். “பட்டாணிக்கே ஐம்பத்திநாலு. முப்பத்தாறுன்னா இந்தப் பிள்ளை குடலை எங்கே வச்சிருக்கு?”

மேசைக்கு அடியில் பட்டாணி பொம்மையின் இடுப்பைத் தடவிப் பார்த்தாள்.

“கவுனுக்குப் பாதத்தை எதுக்கு எடுத்தீங்களோ தெரியலை. பாதம் பத்து. இந்தப் பாதத்துல நிக்கவே முடியாது, அப்புறம் எங்கே நடக்கிறது? யாருடி அளவெடுத்தது?”

“நான்தாம்மா,” என்றாள் அக்கா.

“தப்பா எடுத்திருக்கே. அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வா, மறுபடி எடுக்கலாம். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வா, வழியில விழுந்துடப் போகுது.”

மேசைக்கு அடியிலிருந்து ஒரு கை பொம்மையை நீட்டியது. “இவதாம்மா அந்தப் பொண்ணு. அளவு சரிதான். நுனியை நான்தான் பிடிச்சேன்.”

அம்மா பொம்மையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். மூன்று நாளாகத் திரும்பி வந்த தட்டு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் மாறியது.

பட்டாணி வெளியே வந்து பொம்மையை மேசைமேல் நிறுத்தினாள். விழுந்தது. மறுபடி நிறுத்தினாள், மறுபடி விழுந்தது.

“இவளைச் செஞ்சவங்கதான் தப்பா பிடிச்சுட்டாங்க,” என்றாள் கடைசியில். “பிரிச்சு விடணும்.”

“பிளாஸ்டிக்கைப் பிரிக்க முடியாது. துணி சுத்தி விடலாம்,” என்றாள் அக்கா.

வெட்டுத் துணிகளை இடுப்பில் சுற்றினார்கள். காலுக்குத் தடித்த அட்டையில் பூட்ஸ் செய்தார்கள். அம்மா பொம்மையின் நீலக் கவுனில் பக்கத் தையலைப் பிரித்து விட்டார். பொம்மை கொஞ்சம் மூட்டை மாதிரி ஆனது, ஆனால் நின்றது.

சனிக்கிழமை கண்டக்டர் அத்தை சட்டை வாங்க வந்தபோது, அக்காவும் தங்கையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஒல்லியா ஆகுற வேலை எந்த அளவுல இருக்கு?”

“அந்த வேலையை விட்டுட்டேன் அத்தை. கிரேன்ல ஏறிட்டா லேசுல இறங்க முடியாது. வயித்தை நிரப்பிட்டுத்தான் ஏறணும்,” என்று சொல்லிவிட்டு, பட்டாணி அக்காவின் தட்டிலிருந்த முட்டையையும் எடுத்துக்கொண்டாள்.